கையில் டாலர் இல்லாதவருக்கு டாலர் சந்தையில் என்ன வேலை?

"டாலர் ரேட் இன்னைக்கு எவ்வளவு?"

இந்தக் கேள்வி திருமங்கலத்துக்குப் புதிதல்ல. வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் பிள்ளைகளை வைத்திருக்கிற குடும்பங்கள் மாதா மாதம் கேட்கிற கேள்விதான். கப்பலூர் தொழிற்பேட்டையில் வெளிநாட்டு ஆர்டருக்குச் சரக்கு அனுப்புகிறவர் கேட்பார். இங்கிருந்து கொல்லம் சாலையைப் பிடித்துப் போனால் வருகிற ராஜபாளையத்தில், மருத்துவமனைக் கட்டுத்துணியும் நூலும் ஏற்றுமதி செய்கிறவர் காலைக் காபிக்கு முன்பே கேட்டுவிடுவார். அவர்களுக்கெல்லாம் ஒரு காரணம் இருக்கிறது. டாலர் வர வேண்டியிருக்கிறது, அல்லது டாலரில் யாருக்கோ கொடுக்க வேண்டியிருக்கிறது.

இப்போது அதே கேள்வியை, யாரிடமிருந்தும் ஒரு டாலர்கூட வர வேண்டியிராத பிள்ளைகள் கேட்கிறார்கள். படிப்பை முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறவர்கள், செல்போன் கடையில் நிற்கிறவர்கள், மில் ஷிஃப்ட் முடிந்து வருகிறவர்கள். போன் திரையில் பச்சையும் சிவப்புமாக மெழுகுவர்த்திக் கோடுகள் ஏறி இறங்குகின்றன. யூரோ-டாலர், பவுண்ட்-டாலர், தங்கம்-டாலர். பக்கத்தில் நிற்கிற நண்பன் சொல்வான்: "மாப்ள, நேத்து ராத்திரி பத்து நிமிஷத்துல மூவாயிரம். வேலைக்குப் போய் மூணு நாள் நிக்கணும் இதுக்கு." கொஞ்சம் வயதில் மூத்தவரிடம் பேச்சின் தொனி மாறும்: "அண்ணே, நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். பத்தாயிரம் மட்டும் போடுங்க. சிக்னல் நம்ம குரூப்ல வரும். வாங்குன்னா வாங்குங்க, வித்துருன்னா வித்துருங்க."

அந்தப் பத்தாயிரம் எங்கே போகிறது? யாரிடம் போகிறது? சட்டம் அதை என்னவென்று பார்க்கிறது? முதல் ரூபாயைப் போடுவதற்கு முன்பே இவற்றைக் கேட்டாக வேண்டும். பணம் போன பிறகு கேட்கிறவர்களுக்குக் கிடைக்கிற பதில் பெரும்பாலும் கசப்பானது.

கட்டடம் இல்லாத சந்தை

பங்குச் சந்தைக்கு மும்பையில் கட்டடம் உண்டு. நாணயச் சந்தைக்கு அப்படி ஓரிடம் கிடையாது. லண்டன், நியூயார்க், சிங்கப்பூர், ஹாங்காங், டோக்கியோ என்று உலகெங்கும் இருக்கிற வங்கிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வதுதான் சந்தை. திங்கட்கிழமை காலை ஆசியாவில் தொடங்கி வெள்ளிக்கிழமை நியூயார்க் மூடும்வரை ஓயாமல் நடக்கும். சர்வதேசத் தீர்வு வங்கி மூன்றாண்டுக்கு ஒருமுறை இதைக் கணக்கெடுக்கிறது. 2022 ஏப்ரலில் ஒரு நாள் வியாபாரம் 7.5 லட்சம் கோடி டாலர். 2025 ஏப்ரலில் 9.6 லட்சம் கோடி டாலர். பத்தில் கிட்டத்தட்ட ஒன்பது வியாபாரங்களில் ஒரு பக்கம் டாலர்தான் இருக்கிறது.

இந்தப் பிரம்மாண்டத்தைத்தான் விளம்பரக்காரர்கள் முதலில் காட்டுகிறார்கள். 'உலகின் மிகப் பெரிய சந்தை, இதில் உங்களுக்கும் ஓர் இடம்' என்பார்கள். அந்த 9.6 லட்சம் கோடியை நகர்த்துகிறவர்கள் பெரிய வங்கிகள், நிதியங்கள், பன்னாட்டு நிறுவனங்கள், மத்திய வங்கிகள். அவர்களிடம் பொருளாதார நிபுணர்கள் இருக்கிறார்கள், நொடிக்குள் ஆயிரம் ஆர்டர் போடும் கணினிகள் இருக்கின்றன. ஆளுக்கொரு தேவையும் இருக்கிறது.

நாணய வியாபாரம் எப்போதும் ஜோடியாகத்தான் நடக்கும். யூரோ-டாலர் 1.1000 என்றால் ஒரு யூரோவுக்கு ஒரு டாலர் பத்து சென்ட். யூரோ ஏறும் என்று நினைத்தால் அந்த ஜோடியை வாங்குவார்கள். இறங்கும் என்று நினைத்தால் விற்பார்கள். நான்காவது தசம இடத்தில் ஒரு புள்ளி நகர்வதை 'பிப்' என்கிறார்கள். வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே சிறு இடைவெளி இருக்கும்; அது 'ஸ்பிரெட்', புரோக்கரின் வருமானம். வட்டி விகிதம், கச்சா எண்ணெய் விலை, ஏற்றுமதி-இறக்குமதிக் கணக்கு, போர், வரி, மத்திய வங்கித் தலைவரின் வாயிலிருந்து வரும் ஒரு சொல், இவையெல்லாம் விலையை அசைக்கும்.

ரூபாயின் கதையைப் பார்த்தவர்களுக்கு ஒரு குறுக்குவழி தோன்றும். 1966 ஜூன் 6 அன்று ஒரே நாளில் டாலருக்கு 4.76 ரூபாய் என்பது 7.50 ஆனது. 1991 ஜூலை முதல் வாரத்தில் இரண்டு தவணையாக மதிப்பைக் குறைத்தார்கள். 1993 மார்ச்சில் விலையைச் சந்தையிடம் விட்டபோது டாலர் சுமார் 31 ரூபாய். 2025 டிசம்பர் தொடக்கத்தில் 90 ரூபாயைத் தாண்டியது. 'ரூபாய் எப்படியும் விழத்தான் போகுது, டாலரை வாங்கிப் போட்டா லாபம்தானே?'

கணக்குப் போட்டால் அந்த ஆசை அடங்கிவிடும். 31-இலிருந்து 90-க்கு வர முப்பத்திரண்டு ஆண்டு ஆகியிருக்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இதே காலத்தில் ரூபாயை வங்கியில் டெபாசிட்டாக வைத்தவருக்குக் கிடைத்த வட்டி அதைவிட அதிகம். இன்னொன்றும் உண்டு. மூன்று மாதம் கழித்துத் தரவேண்டிய டாலருக்கு இன்றே ஒப்பந்தம் போட்டால், இந்திய வட்டிக்கும் அமெரிக்க வட்டிக்கும் உள்ள வித்தியாசம் அந்த விலையில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும். ரூபாய் மெதுவாக விழும் என்பது சந்தைக்கு உங்களுக்கு முன்பே தெரியும். அதற்கான விலையை முன்கூட்டியே வாங்கிக்கொள்கிறது.

ஐந்நூறு மடங்கு

நாணயங்கள் ஒரு நாளில் அதிகம் நகர்வதில்லை. யூரோ-டாலர் அரை சதவீதம் அசைந்தாலே பேசும்படியான நாள். பத்தாயிரம் ரூபாய்க்கு அரை சதவீதம் என்றால் ஐம்பது ரூபாய். அதற்காக யாரும் ராத்திரி கண் விழிக்க மாட்டார்கள். அங்கேதான் 'லெவரேஜ்' வருகிறது. உங்கள் காசை முன்பணமாக வைத்துக்கொண்டு, அதைப்போலப் பல மடங்கு தொகைக்கு வியாபாரம் செய்ய விடுவது.

திருமங்கலத்தில் ஒருவர் 100 டாலர், அதாவது சுமார் ஒன்பதாயிரம் ரூபாய், போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆப் அவருக்கு 500 மடங்கு லெவரேஜ் தருகிறது. இது கற்பனையான அளவல்ல; வெளிநாட்டுத் தளங்கள் பலவும் பெருமையாக விளம்பரம் செய்யும் அளவு. இப்போது அவர் 50,000 டாலருக்கு 'நிலை' எடுக்கலாம், அதாவது அந்த அளவுக்கு வாங்கியோ விற்றோ வைக்கலாம். யூரோ 1.1000-இல் இருக்கும்போது அது ஏறக்குறைய 45,000 யூரோ. ஒரு பிப் நகர்ந்தால் அவருக்கு நாலரை டாலர் கூடும் அல்லது குறையும்.

ஆர்டரை அழுத்திய நொடியில் ஸ்பிரெட் ஒரு பிப் என்று வைத்தால் நாலரை டாலர் போயிற்று. நூறில் நாலரை, அதாவது விலை எந்தப் பக்கமும் அசையாமலே நாலரை சதவீத நஷ்டம். யூரோ 1.1000-இலிருந்து 1.0978-க்கு வந்தால், அதாவது வெறும் 0.2 சதவீதம் இறங்கினால், 22 பிப். முழுப் பணமும் தீர்ந்தது. நடைமுறையில் அதற்கு முன்பே, முன்பணம் போதவில்லை என்று சொல்லித் தளமே நிலையை மூடிவிடும். பிறகு யூரோ அவர் நினைத்தபடி ஏறி 1.1100-க்கே போகலாம். அதைத் திரையில் பார்க்கலாம், அவ்வளவுதான். அவர் வெளியேறி மணிக்கணக்கு ஆகியிருக்கும்.

திசையைச் சரியாகக் கணித்தவருக்கும் இதுதான் கதி என்பதைப் புதியவர்கள் கவனிக்க வேண்டும். 0.2 சதவீத அசைவு என்பது செய்தி எதுவும் இல்லாத ஒரு சாதாரண மதியத்தில்கூட நடந்துவிடுகிற அசைவு. ஐந்நூறு மடங்கில் விளையாடுகிறவருக்குச் சந்தையின் மூச்சே புயலாகிவிடுகிறது.

'ஸ்டாப் லாஸ் போட்டுட்டா பயமில்ல' என்று வகுப்பு எடுப்பார்கள். நஷ்டம் இந்த அளவை எட்டினால் தானாக விற்றுவிடு என்று முன்கூட்டியே கொடுக்கிற கட்டளை அது. நல்ல பழக்கம்தான். ஆனால் கேட்கிற விலையில் வாங்க ஆள் இருந்தால்தான் அந்தக் கட்டளை வேலை செய்யும். 2015 ஜனவரி 15 அன்று சுவிட்சர்லாந்தின் மத்திய வங்கி, ஒரு யூரோ 1.20 ஃபிராங்குக்குக் கீழே போக விடமாட்டோம் என்று மூன்றாண்டுக்கும் மேலாகக் காத்துவந்த உறுதியை முன்னறிவிப்பின்றிக் கைவிட்டது. சில நிமிடங்களில் ஃபிராங்க் 30 சதவீதம்வரை எகிறியது. இடைப்பட்ட விலைகளில் வாங்க ஆளே இல்லை. ஸ்டாப் லாஸ் போட்டவர்களின் நிலைகள் அவர்கள் குறித்த விலைக்கு வெகுதூரம் தள்ளித்தான் மூடப்பட்டன. பலருக்குப் போட்ட பணம் போனதோடு, புரோக்கருக்குத் திருப்பித் தர வேண்டிய கடனும் சேர்ந்தது. லண்டனில் ஆல்பாரி யு.கே. நிறுவனம் நொடித்தது. அமெரிக்காவின் பெரிய சில்லறை நாணயத் தரகரான எஃப்எக்ஸ்சிஎம், 30 கோடி டாலர் அவசரக் கடன் வாங்கித்தான் தப்பியது. முறைப்படி உரிமம் பெற்று, கண்காணிப்பில் இயங்கியவர்களின் நிலைமை இது.

ஐரோப்பிய நிதிச் சந்தைக் கண்காணிப்பு ஆணையம் 2018-இல் லெவரேஜோடு செய்யும் இந்த வகை ஒப்பந்தங்களை ஆராய்ந்தபோது, சாதாரணத் தனிநபர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் நஷ்டத்தில் இருப்பதைக் கண்டது. முக்கிய நாணய ஜோடிகளுக்கு லெவரேஜ் 30 மடங்குக்கு மேல் கூடாது என்று கட்டுப்படுத்தியது. அங்கே முப்பது. நம் பையன்களின் போனில் ஐந்நூறு.

எதிர்ப்பக்கம் யார்?

நீங்கள் வாங்கினால் யாரோ விற்றாக வேண்டும். அந்த யாரோ ஒருவர், பெரும்பாலான ஆப்களில், ஆப்காரரே. உங்கள் ஆர்டர் லண்டனுக்கும் போவதில்லை, சிங்கப்பூருக்கும் போவதில்லை. நிறுவனத்தின் கணக்கேட்டிலேயே எதிர்ப்பதிவு விழுகிறது. நீங்கள் தோற்றால் அவருக்கு லாபம். சீட்டுக்கட்டைக் கையில் வைத்திருப்பவரே எதிராளியாகவும் உட்கார்ந்தால் ஆட்டம் எப்படி இருக்கும்? விலை காட்டும் திரை அவருடையது, நிலையை மூடும் அதிகாரம் அவருடையது, பணத்தைத் திருப்பித் தரும் சாவியும் அவருடையது. நேர்மையாகச் செய்கிறவர்களும் உலகில் இருக்கிறார்கள்; அவர்களுக்கு மேலே கண்காணிக்க ஓர் ஆணையம் இருக்கும். கண்காணிப்பே இல்லாத ஏதோ ஒரு தீவில் பதிவு செய்துவிட்டு, திருமங்கலத்துக்காரரிடம் யு.பி.ஐ.யில் பணம் வாங்குகிறவரை யார் தட்டிக் கேட்பது?

சட்டம் திறந்திருக்கும் வாசல்

1999-ஆம் ஆண்டு அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டம், சுருக்கமாக ஃபெமா, 2000 ஜூன் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி இந்தியாவில் வசிப்பவர் அங்கீகாரம் பெற்றவர்களோடுதான், அனுமதிக்கப்பட்ட காரணங்களுக்காகத்தான் அந்நியச் செலாவணி வியாபாரம் செய்யலாம். இணையத் தளங்கள் வழியாகச் செய்வதானால் ரிசர்வ் வங்கி அனுமதித்த தளங்களிலோ தேசியப் பங்குச் சந்தை, மும்பைப் பங்குச் சந்தை போன்ற அங்கீகரிக்கப்பட்ட சந்தைகளிலோதான் செய்ய வேண்டும்.

'வருஷத்துக்கு இரண்டரை லட்சம் டாலர் வெளிநாட்டுக்கு அனுப்பலாமே, ரிசர்வ் வங்கியே சொல்லியிருக்கே' என்று ஏஜென்ட் வாதிடுவார். அந்தத் திட்டம் இருப்பது உண்மை. படிப்பு, மருத்துவம், சுற்றுலா, வெளிநாட்டுப் பங்கு வாங்குவது போன்றவற்றுக்கு அனுப்பலாம். வெளிநாட்டுச் சந்தைக்கோ தரகருக்கோ மார்ஜின், அதாவது முன்பணம், கட்ட அனுப்பக் கூடாது என்று அதே திட்டத்தில் வெளிப்படையாக எழுதியிருக்கிறது. ஏஜென்ட் அந்த வரியைப் படித்துக் காட்டுவதில்லை.

2022 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி பொதுமக்களை எச்சரித்தது. அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று அங்கீகாரம் இல்லாத 34 தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை வெளியிட்டது. 2023 நவம்பரில் அது 75 ஆனது. அதன் பிறகும் வளர்ந்திருக்கிறது. ஒரு பெயர் பட்டியலில் இல்லை என்பதாலேயே அது அங்கீகாரம் பெற்றது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் ரிசர்வ் வங்கி சேர்த்துச் சொல்லியிருக்கிறது. இந்தக் குறிப்பு முக்கியம். இன்று பட்டியலில் ஏறும் பெயர், நாளை ஓர் எழுத்தை மாற்றிக்கொண்டு புது ஆப்பாக வந்து நிற்கும்.

முதல் பட்டியலிலேயே இருந்த பெயர் ஆக்டாஎஃப்எக்ஸ். ஐ.பி.எல். அணி ஒன்றோடு கைகோத்து விளம்பரம் செய்த பெயர் அது. கிரிக்கெட் திரையில் பார்த்த பிறகு அது சட்டப்படியானதா என்று யாருக்குச் சந்தேகம் வரும்? 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை ஒன்பது மாதங்களில் மட்டும் இந்திய முதலீட்டாளர்களிடம் 1,875 கோடி ரூபாய் ஏமாற்றி, சுமார் 800 கோடி ரூபாய் லாபம் பார்த்ததாக அமலாக்கத் துறை அந்தத் தளத்தின் மீது குற்றம் சாட்டுகிறது.

சரி, சட்டப்படியான வாசல் எது? 2008 ஆகஸ்ட் 29 அன்று தேசியப் பங்குச் சந்தையில் டாலர்-ரூபாய் ஃபியூச்சர்ஸ், அதாவது பின்னொரு தேதிக்கு இன்றே விலை பேசி வைக்கும் ஒப்பந்தம், தொடங்கியது. ஒரு லாட் என்பது 1,000 டாலர். டாலர் ஒரு ரூபாய் நகர்ந்தால் லாட்டுக்கு ஆயிரம் ரூபாய் லாபம் அல்லது நஷ்டம். பின்னர் யூரோ, பவுண்ட், யென் ஆகியவையும் சேர்ந்தன. பல ஆண்டுகள் சின்ன வியாபாரிகளும் கல்லூரிப் பிள்ளைகளும் இதில் சுதந்திரமாக விளையாடினார்கள். 2024 ஜனவரி 5 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டது. 10 கோடி டாலர்வரை ஆவணம் காட்டத் தேவையில்லை. ஆனால் உங்களுக்கு உண்மையில் டாலர் வரவோ செலவோ இருந்தாக வேண்டும் என்றது. ஆவணம் கேட்கவில்லை என்பதற்கு, தேவையே இல்லாமல் வியாபாரம் செய்யலாம் என்று பொருளல்ல என்றும், விதி முன்பிருந்தே இதுதான் என்றும் பின்னர் விளக்கியது. 2024 மே 3 முதல் அது கறாராக நடைமுறைக்கு வந்தது. வியாபாரம் சட்டென்று சுருங்கியது.

ஆக, டாலர் வரவு செலவு எதுவும் இல்லாத ஒருவர் ரூபாய் சார்ந்த நாணய வியாபாரத்தில் ஊகத்துக்காக இறங்க, சட்டப்படி இடமில்லை. புதியவர்களுக்குப் பாடம் எடுப்பதாகச் சொல்லும் யூடியூப் வீடியோக்களில் இதை முதல் நிமிடத்தில் சொல்ல வேண்டும். கடைசி நிமிடத்தில்கூடச் சொல்வதில்லை. இது எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

திருப்பூரில் நடந்தது

ஆப் வருவதற்கு முன்பே இந்த ஆசைக்குத் தமிழ்நாடு பெரிய விலை கொடுத்திருக்கிறது. திருப்பூரில் 'பாசி ஃபாரெக்ஸ் டிரேடிங்' என்ற நிறுவனம் 2008-09-இல் அந்நியச் செலாவணி வர்த்தகத்தில் போட்டுக் கொழுத்த லாபம் தருவதாகச் சொல்லி டெபாசிட் வாங்கியது. திருப்பூர் பின்னலாடை ஊர். டாலர் என்றால் என்னவென்று அந்த ஊருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏற்றுமதியாளரின் வாழ்வு டாலரால் உயர்ந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் கண்ணால் பார்த்திருக்கிறார். அந்த நம்பிக்கைதான் முதலாக மாறியது என்று நினைக்கிறேன். 2009-இல் பணம் திரும்பி வருவது நின்றது. மாவட்டக் காவல்துறையில் தொடங்கிய வழக்கு, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2011-இல் சிபிஐ கைக்குப் போனது. மோசடித் தொகை 930 கோடி ரூபாய்க்கு மேல் என்றது சிபிஐ. 2022 ஆகஸ்ட் 26 அன்று கோவையில் முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டத்துக்கான சிறப்பு நீதிமன்றம், இயக்குநர்கள் இருவருக்குத் தலா 27 ஆண்டு சிறையும் மொத்தமாக 171 கோடி ரூபாய்க்கு மேல் அபராதமும் விதித்தது.

பதின்மூன்று ஆண்டுகள். மகளின் கல்யாணத்துக்கென்று போட்டு வைத்தவருக்கு அந்த இடைவெளியில் பேரன் பள்ளிக்கூடம் போயிருப்பான். தண்டனை கிடைத்ததா என்றால் கிடைத்தது. ஆனால் போட்டவர்கள் காத்திருந்தது தீர்ப்புக்காக மட்டுமல்லவே!

இப்போதைய வேலை எப்படி நடக்கிறது?

பழைய மோசடிக்கு அலுவலகம், பலகை, திறப்பு விழா எல்லாம் தேவைப்பட்டன. இப்போது ஒரு டெலிகிராம் குழு போதும். குழுவில் ஆயிரம் பேர் இருப்பதாகக் காட்டும். காலையில் ஒருவர் லாபத்தின் படத்தைப் போடுவார், பத்துப் பேர் கைகூப்புவார்கள். அந்தப் பத்துப் பேரும் ஒரே ஆளாக இருக்கலாம். முதலில் டெமோ கணக்கு தருவார்கள். அதில் எல்லோரும் ஜெயிக்கிறார்கள். பிறகு ஐந்தாயிரம் போடச் சொல்வார்கள். அது எட்டாயிரம் ஆனதாகத் திரை காட்டும். இரண்டாயிரம் எடுக்கக் கேட்டால் உடனே வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். இந்த இரண்டாயிரம்தான் தூண்டில். கையில் வந்த காசைப் பார்த்த பிறகு சந்தேகம் எங்கே நிற்கும்? அதற்குப் பிறகுதான் மனைவியின் நகை அடகுக்கடைக்குப் போகிறது, சீட்டு எடுக்கப்படுகிறது, அக்கா வீட்டுக்காரரிடம் கைமாற்று வாங்கப்படுகிறது.

பெரிய தொகை சேர்ந்த பின் எடுக்கக் கேட்டால் பதில் மாறும். 'முப்பது சதவீத வரி கட்டினால்தான் விடுவிக்க முடியும்' என்று ஒரு கடிதம் வரும், சில சமயம் ரிசர்வ் வங்கியின் முத்திரைபோல ஒன்றோடு. வரியைக் கட்டினால் சரிபார்ப்புக் கட்டணம், அதைக் கட்டினால் இன்னொன்று. லாபத்துக்கு வரி என்றால் லாபத்தில் கழித்துக்கொண்டு மீதியைத் தரலாமே! கையிலிருந்து தனியாகக் கட்டச் சொல்கிற எந்த வரியும் வரியல்ல.

பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது என்பதைப் பாருங்கள். ஆப்பின் பெயரில் இருக்காது. ஏதோ ஓர் ஊரில் மளிகைக்கடை, டிராவல்ஸ், அல்லது முன்பின் தெரியாத ஒரு தனிநபரின் பெயர் வரும். ஒவ்வொரு முறையும் வேறு வேறு பெயர். அவை வாடகைக்கு எடுக்கப்பட்ட கணக்குகள். இதில் இன்னோர் ஆபத்தும் ஒளிந்திருக்கிறது. உங்களுக்கு 'லாபம்' என்று வந்த இரண்டாயிரம், வேறு மாநிலத்தில் யாரையோ ஏமாற்றிய பணமாக இருந்தால், அந்த ஊர் சைபர் போலீஸ் சங்கிலியைப் பிடித்துக்கொண்டே வரும்போது உங்கள் கணக்கும் முடக்கப்படும். சம்பளம் வரும் கணக்கு முடங்கி, எந்த மாநிலத்தில் வழக்கு என்றே தெரியாமல் வங்கிக் கிளைக்கும் காவல் நிலையத்துக்கும் அலைய வேண்டியிருக்கும். கணக்கை வாடகைக்குக் கொடுத்தால் மாதம் இவ்வளவு தருகிறோம் என்று படித்த பிள்ளைகளிடமே கேட்கிறார்கள். கொடுத்தவர் பாதிக்கப்பட்டவர் ஆக மாட்டார், வழக்கில் சேர்க்கப்படுவார்.

யாருக்கு இந்தச் சந்தை தேவை?

இதையெல்லாம் படித்துவிட்டு நாணயச் சந்தையே பாவம் என்று எண்ண வேண்டாம். ராஜபாளையத்து ஏற்றுமதியாளர் ஒருவருக்கு மூன்று மாதம் கழித்து 10,000 டாலர் வர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இன்றைய விலை 90 ரூபாய். அந்த விலையில் கூலி, பஞ்சு, மின்சாரம் எல்லாம் போட்டு ஆர்டரை ஒப்புக்கொண்டிருக்கிறார். மூன்று மாதத்தில் டாலர் 88 ஆனால் 20,000 ரூபாய் குறையும். அதைத் தடுக்க இன்றே 90-இல் பத்து லாட் ஃபியூச்சர்ஸ் விற்று வைக்கிறார். முன்விலையில் சேரும் சில பைசா வித்தியாசத்தை இங்கே விட்டுவிடுவோம். டாலர் 88 ஆனால் சரக்கில் 20,000 போகும், ஃபியூச்சர்ஸில் 20,000 வரும். 92 ஆனால் சரக்கில் கூடுதலாக வருவது ஃபியூச்சர்ஸில் போய்விடும். எது நடந்தாலும் அவருக்கு 90 ரூபாய். அவர் லாபத்துக்காக அங்கே போகவில்லை, தூக்கத்துக்காகப் போகிறார். வெளிநாட்டிலிருந்து பஞ்சு இறக்குமதி செய்யும் மில்லுக்கு இதே வேலை தலைகீழாக நடக்கும்.

சிறு ஏற்றுமதியாளர்களுக்குப் பலருக்கும் தெரியாத இன்னொரு வசதியும் உண்டு. 2019 ஆகஸ்ட்டில் கிளியரிங் கார்ப்பரேஷன் ஆஃப் இந்தியா 'எஃப்எக்ஸ்-ரீடெயில்' என்ற தளத்தைத் தொடங்கியது. வங்கி சொல்லும் விலையை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், சந்தை விலையை ஒட்டி டாலர் வாங்கவும் விற்கவும் தனிநபர்களுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் உதவுவதற்காக வந்தது. கப்பலூர்க்காரர்கள் தங்கள் வங்கி மேலாளரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம், கேட்டால்தான் சொல்வார்கள்.

நாணயம் சட்டப்படி முடியாது என்றால் பங்குச் சந்தையின் ஃபியூச்சர்ஸ்-ஆப்ஷன்ஸ் பக்கம் போகலாம் என்று அடுத்த ஏஜென்ட் வருவார். அது சட்டப்படியானதுதான். ஆனால் அந்தச் சந்தையைக் கண்காணிக்கும் செபி 2024 செப்டம்பரில் வெளியிட்ட ஆய்வைப் படித்துவிட்டுப் போங்கள். 2021-22 முதல் 2023-24 வரை மூன்று நிதியாண்டுகளில் அதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். இறங்கியவர்கள் ஒரு கோடிப் பேருக்கு மேல். சட்டப்படி, செபியின் கண் முன்னாலேயே நடக்கிற சந்தையின் கணக்கு இது.

நாணயங்களைப் பற்றிக் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிற பிள்ளைகளை நான் தடுக்கவில்லை. ரூபாய் ஏன் விழுகிறது, அமெரிக்கா வட்டியை மாற்றினால் ராஜபாளையத்தில் என்ன நடக்கும், 2025 ஆகஸ்ட்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்களுக்கு 50 சதவீத வரி போட்டபோது திருப்பூர் ஏன் பதறியது, இதெல்லாம் படிக்கப் படிக்கச் சுவையான விஷயங்கள். ஏற்றுமதி நிறுவனங்களிலும் வங்கிகளின் அந்நியச் செலாவணிப் பிரிவுகளிலும் இந்த அறிவுக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். அந்தப் படிப்புக்கு நகையை அடகு வைக்க வேண்டியதில்லை.

ஏற்கெனவே பணம் போயிருந்தால்

ஏமாந்தவர்கள் பெரும்பாலும் வெளியே சொல்வதில்லை. வீட்டுக்குத் தெரிந்தால் அவமானம் என்பது ஒன்று. இன்னொன்று பயம். ஃபெமாவை மீறினால், மீறிய தொகையைப்போல மூன்று மடங்குவரை அபராதம் விதிக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. 'புகார் கொடுத்தா நீதான் முதல்ல மாட்டுவ' என்று ஆப்காரரே மிரட்டுவார். அந்த மிரட்டலுக்கு மௌனமானவர்களால்தான் அடுத்த தெருவில் அடுத்த ஆள் ஏமாறுகிறார்.

பணம் போனது தெரிந்த உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். வாடகைக் கணக்கிலிருந்து பணம் அடுத்த கணக்குக்குப் பாய்வதற்கு முன் முடக்கினால்தான் மீட்க வழி உண்டு. அங்கே மணிக்கணக்குதான் எல்லாம். தேசிய சைபர் குற்றப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யலாம். டெபாசிட்டாக வாங்கி ஏமாற்றியிருந்தால் மதுரையிலுள்ள பொருளாதாரக் குற்றப்பிரிவில் எழுத்தில் கொடுக்கலாம். முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்ட வழக்குகளுக்கான சிறப்பு நீதிமன்றம் மதுரையிலேயே இருக்கிறது. அனுமதி இல்லாமல் பணம் திரட்டுகிறவர்களைப் பற்றி ரிசர்வ் வங்கியின் 'சச்சேத்' தளத்திலும் தெரிவிக்கலாம். தொகை பெரிதாக இருந்தால் போவதற்கு முன் ஒரு வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள்.

கோபத்தில் ஆப்பை அழித்துவிடாதீர்கள். பலரும் முதலில் செய்கிற தவறு அதுதான். கணக்குத் திரையின் படங்கள், டெலிகிராம் உரையாடல், அழைத்த எண்கள், பணம் போன ஒவ்வொரு யு.பி.ஐ. முகவரி, அதன் பரிவர்த்தனை எண், வங்கிக் கணக்கு அறிக்கை எல்லாவற்றையும் தேதிவாரியாக எடுத்து வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிட்டு, அவரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு புறப்படுங்கள்.